காகிதக்கூழ் பொம்மைகளை வெளியில் வைக்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

நவராத்திரிக் கொலு முடிந்து பொம்மைகள் பரணுக்கு ஏறும் இந்த நாட்களில், காகிதக்கூழ் பொம்மைகளையும் அலங்காரப் பொருட்களையும் முற்றத்திலும் மாடியிலும் வாசலிலும் வைப்பது குறித்து வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை வாசலுக்கு வந்துவிட்டதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அக்கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (ஒரு வாசகி, நாகர்கோவில்): எங்கள் வீட்டு முற்றத்தில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் குடில் அமைக்கிறோம். மாதா, சூசையப்பர், இடையர்கள், ஆடுகள் எல்லாவற்றையும் செய்தித்தாளும் மைதாப் பசையும் கொண்டு நானே செய்து, போஸ்டர் கலர் தீட்டி, மேலே வார்னிஷ் பூசினேன். சென்ற டிசம்பரில் பெய்த மழையில் இடையர்களின் கால்கள் ஊதிக் குழைந்தன. கூரைக்கு அடியில் நனையாமல் இருந்த ஆடுகளிலும் உள்ளே பூசணம் பிடித்துவிட்டது. வார்னிஷ் பூசியும் ஏன் இப்படி ஆயிற்று?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. இடையர்களின் கால்கள் குழைந்தது வெளியிலிருந்து புகுந்த நீரால். ஆடுகளில் பூசணம் பிடித்தது வார்னிஷ் பூசும்போதே உள்ளே தங்கியிருந்த நீரால். வார்னிஷ் முதலாவதை ஓரளவு தடுக்கும். இரண்டாவதைத் தடுக்காது என்பது மட்டுமல்ல, ஈரம் வெளியேறும் வழியை அடைத்து அதை மோசமாக்கிவிடும்.

காகிதம் என்பது மரநாரின் செல்லுலோஸ் இழைகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்த பொருள். அந்தப் பிணைப்பு நீர் பட்டதும் தளர்கிறது. இழைகள் நீரைக் குடித்துப் பருக்கின்றன. மழை வேண்டும் என்பதுகூட இல்லை. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது காகிதம் தன் எடையில் ஏறக்குறைய 6 முதல் 8 சதவீதம் நீரைத் தன்னுள் வைத்திருக்கும். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும் ஐப்பசி, கார்த்திகை நாட்களில் அது 10 சதவீதத்துக்கும் மேலே போகும். இழைகளை ஒட்டிப் பிடித்திருப்பதோ மைதாப் பசை, அது மாவுச்சத்து, நீரில் இளகுவது அதன் இயல்பு, பூசணத்துக்கு அது விருந்து. ஆகவே வெளியில் வைக்கப்போகும் பொம்மையை மழையிலிருந்து காக்கும் வேலை, மேற்பூச்சில் அல்ல, பசை கரைக்கும்போதே தொடங்குகிறது.

வெளியில் வைக்கும் பொம்மைக்கு மைதாப் பசையைத் தவிர்த்துவிடுங்கள் என்றே சொல்வேன். மரவேலைக்குப் பயன்படும் சாதாரண வெள்ளைப் பசை இதைவிட நல்லது என்றாலும், அதுவும் காய்ந்த பின் நீரில் ஊறினால் மீண்டும் இளகக்கூடியதே. அதே பசையில் ஈரம் தாங்கும் ‘மரைன்’ வகை என்று ஒன்று கடைகளில் கிடைக்கிறது. சமையலறை மரவேலைக்குத் தச்சர்கள் வாங்குவது அதைத்தான். விலை கூடுதல் என்பதால் பொம்மை முழுவதற்கும் வேண்டாம் என்று நினைப்பவர்கள், உட்சுற்றுகளுக்குச் சாதாரண வெள்ளைப் பசையையும், கடைசி இரண்டு மூன்று சுற்றுகளுக்கும் பாதப் பகுதிக்கும் மரைன் வகையையும் பயன்படுத்தலாம்.

காகிதத்திலும் தரம் பார்க்க வேண்டும். செய்தித்தாள் உருவம் பிடிக்க மிக வசதியானது. ஆனால் அதன் இழைகள் குட்டையானவை, வெயிலில் விரைவில் மஞ்சளித்து நொறுங்குபவை. பழுப்பு நிறப் பொதிகாகிதத்தின் இழைகள் நீளமும் வலுவும் உடையவை. உருவத்தைச் செய்தித்தாளில் கொண்டுவந்துவிட்டு, மேல் இரண்டு சுற்றுகளைப் பழுப்புக் காகிதத்தில் ஒட்டுங்கள். எங்களைப் போன்ற பத்திரிகைகளின் வழவழப்பான அட்டைகளைப் பயன்படுத்த வேண்டாம். அவற்றின் மேலுள்ள களிமண் பூச்சு பசையை உள்ளே விடாது. கால், காது, கொம்பு போன்ற மெலிந்த உறுப்புகளுக்கு, பழைய வேட்டித் துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்துப் பசையில் தோய்த்துச் சுற்றினால், வேறெந்தப் பூச்சாலும் கிடைக்காத உறுதி கிடைக்கும்.

இனி உலர்த்துதல். ஒரே மூச்சில் பத்துச் சுற்று ஒட்டிவிட்டு வெயிலில் வைப்பவர்களே அதிகம். வெயில் மேல்தோலை முதலில் இறுக்கிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் வெளிவர முடியாமல் அங்கேயே தங்கும். தொட்டுப் பார்த்தால் காய்ந்ததாகவே தோன்றும். இரண்டு அல்லது மூன்று சுற்றுக்கு மேல் ஒருமுறைக்கு ஒட்டக் கூடாது. அது நிழலில் காற்றாட முழுதும் உலர்ந்த பிறகே அடுத்தது. உங்கள் ஊரில் இந்த மாதங்களில் மழை விடாது பெய்யும் என்பதால், அடைத்த அறையில் மின்விசிறிக்கு நேரே வைத்து உலர்த்துங்கள். அடியில் துளை விட்டிருந்தால் உட்புறமும் சேர்ந்து உலரும். முழுதும் காய்ந்ததா என்று அறியக் கையை நம்ப வேண்டாம், சமையலறைத் தராசை நம்புங்கள். நாள்தோறும் அதே நேரத்தில் எடை போட்டுக் குறித்து வந்தால், எடை குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நிற்கும். மூன்று நாள் ஏறக்குறைய ஒரே எடை காட்டிய பிறகுதான் பூச்சு வேலையைத் தொடங்க வேண்டும். இந்த ஒன்றைக் கடைப்பிடித்திருந்தால் உங்கள் ஆடுகளில் பூசணத்துக்கு இடமே இருந்திராது.

கால்கள் குழைந்ததற்குக் காரணம் மேலிருந்து விழுந்த மழையைவிட, கீழிருந்து ஏறிய நீராகவே இருக்க வேண்டும். குடிலில் மணலும் வைக்கோலும் பரப்புகிறோம். இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்பவை. பாதத்தின் அடிப்பகுதியில் யாரும் வார்னிஷ் பூசுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடம், பூசினால் தரையில் ஒட்டிக்கொள்ளும் என்ற எண்ணம். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்த வெட்டுவாய் நீரை மேலே இழுத்துவிடுகிறது. அடிப்பாகத்தை முதலில் பூசி, கவிழ்த்து வைத்து உலர்த்தி, பிறகு மற்ற பக்கங்களைப் பூசுங்கள். பாதத்தை மட்டும் எபாக்சிப் பசையில் (பிசினையும் கடினமாக்கியையும் கலந்தால் இறுகும் பசை) முக்கி எடுப்பது இன்னும் நல்லது. உள்ளீடற்ற பொம்மையானால் துளை வழியாக உட்சுவரிலும் நீர்த்த வார்னிஷை ஊற்றிச் சுழற்றி, மிச்சத்தை வடித்துவிட வேண்டும். குடிலில் வைக்கும்போது ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஓட்டுத்துண்டோ மரப்பலகையோ வைத்து, அதை வைக்கோலால் மறைத்துவிடலாம்.

வண்ணத்தைப் பொறுத்தவரை, போஸ்டர் கலர் வெளியில் வைக்கும் பொருளுக்கு உரியதன்று. அது காய்ந்த பிறகும் நீரில் கரையும். அதன் மேல் பூசிய வார்னிஷில் ஊசிமுனை அளவு வெடிப்பு விழுந்தாலும் அந்த வழியே நீர் புகுந்து வண்ணத்தைக் கரைத்து, வார்னிஷைத் தோலாக உரித்துவிடும். வெளிச்சுவருக்கான பிரைமர் ஒரு கை பூசி, அதன் மேல் வெளிச்சுவர் எமல்ஷனிலோ அக்ரிலிக் வண்ணத்திலோ தீட்டுங்கள். வெளிச்சுவர் எமல்ஷன் நம் வெயிலுக்கும் மழைக்கும் என்றே தயாரிக்கப்படுவது. சிறிய டப்பாவில் வெள்ளை வாங்கி, வண்ணச்சாயம் கலந்து வேண்டிய நிறங்களை ஆக்கிக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்த பின்னும், கூரை இல்லாமல் திறந்த மழையில் வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். எந்தப் பூச்சும் நீராவியை முழுதாகத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். சில வாரங்களுக்கு வெளியில் இருந்து, பிறகு வீட்டுக்குள் திரும்பும் பொருளுக்கு அந்தத் தாமதம் போதும். மார்கழிப் பனிக்காகப் பொம்மைகளின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தும் வழக்கம் உண்டு. உடம்போடு ஒட்டப் போர்த்தினால் உட்புறம் வியர்த்து, பனியைவிட அதிகமாக நனைத்துவிடும். குச்சிகள் நட்டு, பக்கங்களில் காற்றுப் போக இடம் விட்டு, கூரைபோலத் தாளைக் கட்டுங்கள். புயல் அறிவிப்பு வந்தால் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

கேள்வி (ஒரு வாசகர், சேலம்): மழைக்குத் தாங்கும் பூச்சு வேண்டும் என்று பெயிண்ட் கடையில் கேட்டால், ஒருவர் பிரெஞ்சு பாலிஷ் என்கிறார், ஒருவர் மெலமைன் என்கிறார், இன்னொருவர் எபாக்சி என்கிறார். எதை வாங்குவது? ஆளிவிதை எண்ணெய் பூசலாம் என்றும் படித்தேன்.

பதில்: கடைக்காரர்கள் சொல்லும் எல்லாமே நல்ல பொருட்கள்தான், ஆனால் பெரும்பாலானவை வீட்டுக்குள் இருக்கும் மரச்சாமான்களுக்கானவை. பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது. நீர் பட்டு நின்றால் வெளுத்துவிடும். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கரும் மெலமைனும் கண்ணாடிபோலப் பளபளக்கும், ஆனால் இறுகிய பூச்சுகள். காகிதம் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் பொருள் என்பதால், அதனோடு சேர்ந்து நெளியாத பூச்சு மயிரிழையாக வெடிக்கும். வெடிப்பு விழுந்த பூச்சு, நீரை உள்ளே விட்டு வெளியே விடாது என்பதால், பூச்சே இல்லாத நிலையைவிடக் கெடுதல்.

எபாக்சியின் நிலை வேறு. நீரைத் தடுப்பதில் அதற்கு இணையான பொருள் எளிதில் கிடைக்காது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளித்து, மேற்பரப்பு மாவாக உதிரத் தொடங்கும். ஆகவே அதைக் கடைசிப் பூச்சாக வைக்கக் கூடாது. வண்ணத்துக்கு அடியில் எபாக்சி, அதன் மேல் வண்ணம், அதற்கும் மேல் வெயில் தாங்கும் தெளிபூச்சு என்ற வரிசையில் வந்தால் அது மிகச் சிறந்த அடித்தளம். எபாக்சி காய்ந்ததும் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தால்தான் வண்ணம் பிடிக்கும். கையுறை இல்லாமல் தொட வேண்டாம். சிலருக்குத் தோலில் ஒவ்வாமை வரும்.

கடைசிப் பூச்சுக்கு, டப்பாவின் மேல் வெளிப்புறப் பயன்பாட்டுக்கு என்றும் புற ஊதாக் கதிரைத் தாங்கும் என்றும் தெளிவாக அச்சிட்டிருக்கும் பாலியூரிதேன் வகையைக் கேட்டு வாங்குங்கள். அதிலும் எண்ணெய் அடிப்படையிலானது சற்றே மஞ்சள் சாயல் தரும். நீர் அடிப்படையிலான அக்ரிலிக் கலப்பு வகை வெள்ளையையும் இளநீலத்தையும் மாற்றாது. படகுகளுக்குப் பூசும் மரைன் வார்னிஷ் கிடைத்தால் அதுவும் நல்ல தேர்வே, ஏனெனில் அது நெளிந்து கொடுக்கும்படி தயாரிக்கப்படுவது. இரு டப்பாக்களைக் கலந்து பூசும் ‘டூ-கே’ பாலியூரிதேன் இவை எல்லாவற்றையும்விட உறுதியானது. ஆனால் அதன் கடினமாக்கியில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, தெளிப்பானால் அடித்தால் நுரையீரலுக்குத் தீங்கு. தகுந்த முகக்கவசமும் பயிற்சியும் இல்லாதவர்கள் வீட்டில் அதைத் தெளிக்கவே வேண்டாம்.

பூசும் முறையைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். எண்ணெய் வகையானால் முதல் கையில் நான்கில் ஒரு பங்கு டர்பன்டைன் கலந்து நீர்க்கப் பூசுங்கள். அது மேலே படியாமல் உள்ளே ஊறி, அடுத்த பூச்சுகளுக்குப் பிடிமானம் ஆகும். பிறகு கலப்பின்றி, டப்பாவில் சொல்லியுள்ள இடைவெளி விட்டு, மூன்று கைகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே 320 எண் உப்புத்தாளால் மென்மையாகத் தேய்த்துத் துடைக்க வேண்டும். ஒரே தடிமனான பூச்சைவிட நான்கு மெல்லிய பூச்சுகள் நெடுநாள் உழைக்கும். மழைநாளில் பூசினால் பூச்சு பால்போல் மங்கும் என்பதால், வறண்ட காலைப்பொழுதைத் தேர்ந்தெடுங்கள்.

ஆளிவிதை எண்ணெயைப் பற்றிக் கேட்டது எனக்கு மகிழ்ச்சி தருகிறது, ஏனென்றால் இக்கலையின் வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த ஹென்றி கிளே 1772-இல் ஒரு காப்புரிமை பெற்றார். காகிதத் தாள்களை அச்சின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டி, உலர்த்தி, ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து, சூளைபோன்ற அடுப்பில் வெப்பமேற்றி இறுக்கும் முறை அது. அப்படிச் செய்த பலகைகள் தட்டுகளுக்கு மட்டுமல்ல, சாலையில் ஓடும் குதிரைவண்டிகளின் பக்கப் பலகைகளுக்கும் பயன்பட்டன. நீர் புகாமல் காப்பது மேலே ஒட்டியிருக்கும் படலம் மட்டுமல்ல, காகிதத்தின் உள்ளே இறங்கி அங்கேயே இறுகிய எண்ணெய் என்பதை அக்காலத்துக் கைவினைஞர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

வீட்டில் அதே அளவுக்கு வெப்பமேற்ற முடியாது, முயலவும் வேண்டாம். வண்ணம் தீட்டுவதற்கு முன், வெற்றுக் காகித நிலையிலேயே, ‘டபுள் பாயில்டு’ என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயைச் சிறிது டர்பன்டைன் கலந்து பூசி, ஊறாமல் மேலே நிற்பதைத் துடைத்துவிட்டு, ஓரிரு வாரம் காற்றோட்டமான இடத்தில் விடுங்கள். அதன் மேல் எண்ணெய் அடிப்படை பிரைமரும் எனாமலும்தான் பிடிக்கும், எமல்ஷன் நிற்காது. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது வெப்பம் உண்டாகும். சுருட்டிய துணியில் அந்த வெப்பம் தங்கி, தானே தீப்பற்றிக்கொள்ளும். விரித்துக் கொடியில் போட்டு உலர்த்தவும், அல்லது நீர் நிறைந்த வாளியில் முக்கி வைக்கவும்.

கேள்வி (ஒரு வாசகி, காரைக்குடி): உருக்கிய மெழுகையோ தேங்காய் எண்ணெயையோ பூசினால் போதாதா?

பதில்: போதாது. தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் இறுகிப் படலமாகாது. பிசுக்காகவே நின்று தூசியைச் சேர்க்கும், பிறகு எந்தப் பெயிண்டையும் ஒட்டவிடாது. மெழுகு நீரை விலக்கும் என்பது உண்மை. ஆனால் மெழுகுவர்த்தியின் மெழுகு 50, 60 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால், செட்டிநாட்டுச் சித்திரை வெயிலில் அடர்நிறம் பூசிய பொம்மையின் மேல் அது நெடுநேரம் நிற்காது.

கேள்வி (ஒரு வாசகர், புதுச்சேரி): திருக்கனூரில் வாங்கிய காகிதக்கூழ்ப் பொம்மைகள் இரண்டைப் பால்கனியில் வைக்க விரும்புகிறேன். வாங்கிய பொம்மையின் மேல் நாமே பூச்சுப் பூசலாமா?

பதில்: திருக்கனூரின் காகிதக்கூழ்க் கைவினை புவிசார் குறியீடு பெற்றது, அந்தப் பொம்மைகளின் வண்ணப்பூச்சும் முகத்தின் நேர்த்தியும் வீட்டுக்குள் நல்ல வெளிச்சத்தில் ரசிக்க வேண்டியவை. உங்கள் பால்கனிக்கு மேல்தளம் இருந்து, சாரல் அடிக்காத மூலை ஒன்று இருக்குமானால் வைக்கலாம். திறந்த பால்கனி என்றால், கைவினைஞரின் உழைப்பை மதித்து, உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து.

பூச்சுப் பூசுவதற்கு முன் பொம்மையின் அடியில், பார்வைக்கு எட்டாத ஓரிடத்தில், ஈரப் பஞ்சால் ஒற்றிப் பாருங்கள். வண்ணம் பஞ்சில் ஏறினால் அது நீரில் கரையும் வண்ணம். நீர் அடிப்படையிலான பூச்சைத் தூரிகையால் இழுத்தால் கண்ணும் புருவமும் கலைந்துவிடும். அப்படியானால் தெளிப்பான் டப்பாவில் வரும் அக்ரிலிக் தெளிபூச்சை, ஓரடி தூரத்திலிருந்து, பனி படிவதுபோல மிக மெல்லியதாக முதலில் இரண்டு முறை தெளித்து, காய்ந்த பிறகு மற்றப் பூச்சுகளுக்குப் போகலாம். ஜரிகை, கண்ணாடிச்சில்லு ஒட்டிய இடங்களை மறைத்துவிட்டுத் தெளியுங்கள். புதிதாகச் செய்து தரச் சொல்லும் வாய்ப்பு உங்களுக்கு இருந்தால், வெளியில் வைக்கப்போகிறேன் என்று முன்கூட்டியே கைவினைஞரிடம் சொல்லிவிடுவதே எல்லாவற்றிலும் சிறந்தது. செய்யும்போது எளிதாகச் சேர்க்கக்கூடிய காப்பை, செய்து முடித்த பின் சேர்ப்பது கடினம்.

கேள்வி (ஒரு வாசகர், திண்டுக்கல்): மாடிச் சுவரில் மாட்டிய திருஷ்டி பொம்மையின் சிவப்பு, ஒரே கோடையில் வெளிர் ரோஜா நிறமாகிவிட்டது. வார்னிஷ் பூசியிருந்தால் தடுத்திருக்கலாமா?

பதில்: புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் வெளுப்பைத் தாமதப்படுத்தியிருக்கும், சாதாரண வார்னிஷால் பெரிய பயன் இருந்திராது. குறை பெரும்பாலும் நிறமியில் இருக்கிறது. பளிச்சென்ற ஒளிரும் வண்ணப்பொடிகளும் மலிவான சிவப்புச் சாயங்களும் வெயிலில் முதலில் போகும். காவி, மஞ்சள் காவி, செம்மண் நிறம் ஆகிய இரும்பு ஆக்சைடு நிறமிகளும், கரியின் கறுப்பும், டைட்டானியம் வெள்ளையும் வெயிலில் வெளுக்காதவை. அடுத்த முறை முகத்தின் பெரிய பரப்பைச் செங்காவியில் தீட்டி, நாக்குக்கும் கண்ணோரத்துக்கும் மட்டும் பளிச்சென்ற சிவப்பை வைத்துக்கொள்ளுங்கள். அச்சமூட்டும் தோற்றம் சிறிதும் குறையாது. மாட்டும்போது பொம்மையின் முதுகு சுவரோடு ஒட்டாமல் இருபுறமும் சிறு கட்டைகள் வைத்து விலக்கினால், மழைக்குப் பின் சுவரில் தங்கும் ஈரம் அதன்மேல் ஏறாது.

கேள்வி (ஒரு வாசகி, விழுப்புரம்): எங்கள் தெருவில் வைக்கும் காகிதக்கூழ் விநாயகர் சிலை, சதுர்த்தி நாட்களில் பெய்யும் மழையில் வண்ணம் கரைந்து போகிறது. அடுத்த ஆண்டு சிலைக்கு வாட்டர்ப்ரூஃப் பூச்சுக் கொடுக்கலாமா?

பதில்: கரைக்கப்போகும் சிலைக்குக் கொடுக்கவே கூடாது. காகிதக்கூழும் கிழங்குமாவும் சுண்ணாம்புப் பொடியும் சேர்த்து அச்சிலையைச் செய்வதே அது நீரில் கரைய வேண்டும் என்பதற்காகத்தான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வெளியிட்ட திருத்திய வழிகாட்டு நெறிகள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளை விலக்குவதோடு, நச்சுத்தன்மையுள்ள, மக்காத வண்ணங்களையும் விலக்குகின்றன. காகிதச் சிலையின் மேல் எனாமலோ பாலியூரிதேனோ பூசினால், அது குளத்தில் கரையாமல் மிதக்கும். பூச்சின் துண்டுகள் மீன்களுக்கும் நீருக்கும் கேடாகும். சிலைக்குச் செலவிட நினைத்த தொகையைப் பந்தலுக்குச் செலவிடுங்கள். சிலையைவிட இருபுறமும் மூன்றடி நீண்டு, பின்பக்கம் சரிந்த தகரக் கூரை, சாரல் வரும் திசையில் ஒரு தார்ப்பாய், தரையிலிருந்து ஓரடி உயர்ந்த மேடை ஆகியவை இருந்தால் சிலை விழா முடியும்வரை அழகு குலையாமல் நிற்கும். ஊர்வல வண்டியிலும் சிலையைத் தொடாத ஒரு கூரையைக் கட்டிக்கொள்ளலாம்.

கேள்வி (ஒரு வாசகி, மன்னார்குடி): காகிதக்கூழில் வெந்தயம் அரைத்துச் சேர்த்தால் நீர் புகாது என்று என் மாமியார் சொல்கிறார். உண்மையா?

பதில்: உங்கள் மாமியார் சொல்லும் வழக்கம் மிகப் பழையது, பயனுள்ளது. முறத்துக்கும் மூங்கில் கூடைக்கும் காகிதமும் வெந்தயமும் சேர்த்து அரைத்து மெழுகுவது நம் வீடுகளில் தலைமுறைகளாக இருந்து வருகிறது. வெந்தயத்தில் உள்ள பசைப்பொருள் கூழை வழவழப்பாக்கிப் பிணைக்கிறது. அதன் கசப்பு பூச்சிகளை விலக்கும் என்பது பெரியவர்களின் அனுபவம். ஆனால் அந்தப் பசைப்பொருள் நீரில் ஊறிக் கொழகொழப்பாவது என்பது, வெந்தயத்தை இரவில் ஊறவைக்கும் எல்லோருக்கும் தெரியும். எனவே அது நீரைத் தடுக்காது. முறம் நீரில் நனையாத பொருள் என்பதால் அங்கே அது போதுமானதாக இருந்தது.

இராமபாணப் பூச்சிக்கும் பூசணத்துக்கும் அஞ்சுபவர்கள், ஒரு லிட்டர் கூழுக்கு இரண்டு தேக்கரண்டி அளவில் போரிக் அமிலப் பொடியைக் கலந்துகொள்ளலாம். குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் வாயில் வைக்கக்கூடிய பொருளுக்கு அதைச் சேர்க்க வேண்டாம். புத்தகம் கட்டுபவர்கள் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதைப் பார்த்துச் சிலர் வீட்டிலும் சேர்க்கிறார்கள். அது நஞ்சு, வெறும் கையால் பிசையும் கூழில் அதற்கு இடமில்லை.

கேள்வி (ஓர் ஆசிரியர், தருமபுரி): பள்ளித் தோட்டத்தில் மாணவர்களைக் கொண்டு ஆளுயர யானை ஒன்றைக் காகிதக்கூழில் செய்து நிரந்தரமாக வைக்க எண்ணுகிறோம். எந்தப் பூச்சு ஏற்றது?

பதில்: ஆண்டு முழுவதும் திறந்தவெளியில் நிற்க வேண்டிய பொருளுக்குக் காகிதக்கூழ் ஏற்றதன்று, நல்ல பூச்சும் ஓரிரு மழைக்காலங்களுக்கு மேல் தாங்காது, பிறகு ஆண்டுதோறும் சுரண்டிப் பூச வேண்டியிருக்கும். கம்பிச் சட்டத்தின் மேல் கோழிவலை கட்டிச் சிமென்ட் சாந்து பூசிச் செய்யுங்கள். காகிதத்தில்தான் செய்ய வேண்டும் என்றால், பள்ளி முகப்பு வராந்தாவுக்கென்று செய்யுங்கள். அங்கே அது பல ஆண்டுகள் நிற்கும். காகித யானையின் மேல் சிமென்ட் பூசலாமே என்று சிலர் சொல்லக்கூடும். ஈரச் சாந்தின் நீரைக் காகிதம் குடித்துப் பருத்து, பின்னர் காயும்போது சுருங்கும். சாந்துக்கும் காகிதத்துக்கும் இடையே வெற்றிடம் விழுந்து, தட்டினால் உடையும் ஓடாகிவிடும்.

கேள்வி (ஒரு வாசகி, கும்பகோணம்): எதிர்பாராத மழையில் நனைந்துவிட்ட பொம்மையைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: முதல் சில மணி நேரத்தில் செய்வதைப் பொறுத்தது. அமுக்கிப் பிழியாதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள். உறிஞ்சும் துணியால் ஒற்றி எடுத்து, தொய்ந்த உறுப்புகளுக்குக் கீழே துணிச்சுருளை முட்டுக்கொடுத்து, மின்விசிறியின் கீழ் வையுங்கள். பூச்சு கொப்புளித்திருந்தால் அந்த இடத்தை ஊசியால் குத்தி, உள்ளே இருக்கும் நீருக்கு வழி விட வேண்டும். அடியில் துளை இல்லையென்றால் இப்போதே ஒன்று இடுங்கள். எடை நிலைத்த பிறகு, உரிந்து நிற்கும் பூச்சை எல்லாம் சுரண்டி, குழைந்து கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மரைன் பசையில் தோய்த்த துணிப்பட்டைகளால் அந்த இடத்தைக் கட்டி, மீண்டும் உலர்த்தி, பிரைமரிலிருந்து தொடங்குங்கள். கறுப்பாகவோ பச்சையாகவோ பூசணம் உட்சுவர் வரை பரவியிருந்தால் அதைச் சீர்செய்ய முயல வேண்டாம். மூக்கையும் வாயையும் துணியால் மறைத்துக்கொண்டு, ஒரு பையில் இட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். அதே பரணில் இருந்த மற்றப் பொம்மைகளையும் எடுத்து ஒருமுறை வெயில் காட்டி வையுங்கள்.